மாமாவின் மலை: குதிரேமுக்கில் நான்கு நாள்

என் தாய்மாமா 1984இல் கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டச் சேர்ந்தார். 2005 டிசம்பர் 31 அன்று சுரங்கம் மூடிய நாள்வரை அங்கேதான் இருந்தார். அப்புறம் சேலத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டார். அந்த மலையைப் பற்றிப் பேசாமல் எங்கள் வீட்டில் ஒரு தீபாவளியும் போனதில்லை. இந்த வருஷம் முழங்கால் வலி கூடியதும், "நடக்க முடியறப்பவே ஒருக்கா பாத்துட்டு வந்தரலாம் சாமி" என்றார்.

நான் ஏற்காட்டிலும் வால்பாறையிலும் பறவை பார்க்கப் போகிறவன். குதிரேமுக் எனக்கு ஒரு வழக்கின் வழியாகத்தான் அறிமுகம். மலையை வெட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வழக்கு அது. அதில் ஜெயித்தவர்கள் பக்கம்தான் என் மனசு எப்போதும் இருந்தது. வேலை போனவர்களில் ஒருவர் என் மாமா. இது பற்றி நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. இந்தப் பயணத்தில் பேசினோம்.

அக்டோபர் 18, 2024, வெள்ளி. மங்களூரிலிருந்து மலைக்கு

காலையில் மங்களூரில் இறங்கியதுமே வியர்த்துக் கொட்டியது. பஸ் நிலையத்துக்கு எதிரே சின்ன ஓட்டலில் மாமா எனக்கும் சேர்த்து பன்ஸ் சொன்னார். பேக்கரி பன் வரும் என்று பார்த்தால், வாழைப்பழம் பிசைந்த மாவில் பொரித்த, உப்பலான, லேசாக இனிக்கும் பூரி வந்தது. இரண்டு பன்ஸ், சாம்பார், சட்னி, காபி எல்லாம் சேர்த்து 75 ரூபாய். மாமா பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் கன்னடத்தில் பேசினார். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. மூன்றாவதில் பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே துளுவுக்கு மாறிவிட்டார், மாமாவும் கூடவே போய்விட்டார்.

கார்க்களா, பஜகோளி தாண்டி மாளா பக்கம் மலைப்பாதை தொடங்குகிறது. அதுவரை பாக்கும் ரப்பருமாக இருந்த ஓரம் சட்டென்று காடாகிவிட்டது. எஸ்.கே. பார்டர் என்று எல்லோரும் சொல்லும் சோதனைச் சாவடி தாண்டினால் தேசியப் பூங்கா. அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, குப்பை போடக் கூடாது. தனி வண்டிகளுக்கு நேரம் எழுதிச் சீட்டுக் கொடுக்கிறார்கள், அந்த நேரத்துக்குள் மறுபக்கச் சாவடியைக் கடந்துவிட வேண்டும்.

எங்கள் பஸ் அந்த இடத்தில்தான் நின்றது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. மாற்றுப் பெல்ட் கார்க்களாவிலிருந்து வர வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. நடத்துநர் ஒவ்வொரு இருக்கையாக வந்து, தயவுசெய்து யாரும் இறங்கி உள்ளே போக வேண்டாம், தண்ணீர் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள் என்று சொன்னார். இரண்டேகால் மணி நேரம் நின்றோம். ஒருவரும் கத்தவில்லை. முன்னிருக்கையில் கூடையோடு இருந்த அம்மா ஒரு டப்பாவைத் திறந்து பலாக்காய் அப்பளம் எடுத்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்களுக்கு இரண்டிரண்டு. வேண்டாம் என்றதற்கு ஏதோ அதட்டலாகச் சொன்னார். "ஊருக்கு வர்றவன் வேண்டாம்னு சொல்லக் கூடாதாம்" என்று மாமா மொழிபெயர்த்தார்.

ஜன்னல் வழியே நிமிர்ந்து பார்த்தால் வானம் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. இந்தப் பக்கத்து மரக்கிளையும் அந்தப் பக்கத்து மரக்கிளையும் ரோட்டுக்கு மேலே தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்களும் இருந்தன, எட்டாமல் நிற்கும் இடங்களும் இருந்தன. சோலைமந்தி இருக்கிற காடு இது. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் உள்ள கருங்குரங்கு. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வோம், இங்கே சிங்களீக. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மரத்திலேயே தின்று மரத்திலேயே தூங்கும், தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். அதனால் காட்டின் பரப்பளவு என்ன என்பதை மட்டும் பார்த்தால் அதற்குப் போதாது, கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் முப்பதடி ரோடு விழுந்தாலே அந்தக் காடு அதற்கு இரண்டாகிவிடும். வால்பாறை புதுத்தோட்டத்தில் இவை ரோட்டில் இறங்கி வண்டிகளுக்கு நடுவே ஓடுவதையும், கடக்க வசதியாகக் கயிற்றுப் பாலம் கட்டி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். சுற்றியிருந்த காடு தேயிலையாகி, மிஞ்சிய துண்டில் சிக்கிக்கொண்டவை அவை.

இதை மாமாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவத்தொரு வருசம் இந்த மலையிலயே இருந்தேன் சாமி. அத நான் ஒன்னக்கூடப் பாத்ததில்ல."

அக்டோபர் 19, சனி. குதிரேமுக் டவுன்ஷிப், லக்யா

நேற்று இரவு எட்டு மணிக்குத்தான் சம்சே வந்து சேர்ந்தோம். ஹோம்ஸ்டே வீட்டு அம்மா கதவைத் திறந்ததும் பேர்கூடக் கேட்கவில்லை, முதலில் வெந்நீர் காட்டினார். பிறகு கொத்தமல்லி, சீரகம், மிளகு வறுத்துப் பொடித்து வெல்லமும் பாலும் சேர்த்த கஷாயம். அதற்குப் பிறகுதான் நீர்தோசையும் கோழிச் சாறும். மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். தோசை மஸ்லின் துணி மாதிரி அவ்வளவு மெல்லிசு. எட்டோ ஒன்பதோ உள்ளே போய்விட்டது. தொட்டுக்கொள்ள அப்பெமிடி என்ற மாவடு ஊறுகாய். கையைக் கழுவிய பிறகும் மணந்தது.

காலையில் அக்கி ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் டவுன்ஷிப் போனோம். போகவர, காத்திருக்கச் சேர்த்து 1,200 ரூபாய் கேட்டார். மாமா பேரம் பேசவில்லை.

வீதிகள் நேராக இருக்கின்றன. வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். பாதிக்கு மேல் கூரை இறங்கிவிட்டது. ஜன்னல் சட்டம், கதவு நிலை எல்லாம் யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காவலுக்கு இருந்தவர் முதலில் உள்ளே விட மறுத்தார். மாமா தான் வேலை பார்த்த பிரிவையும் வீட்டு எண்ணையும் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்து, "பத்து நிமிஷம். கூரைக்குக் கீழே போகாதீங்க" என்றார். பிறகு அவரே கூட வந்தார்.

மாமா வீட்டு வாசல்படி மட்டும் அப்படியே இருந்தது. அதன் மேல் காட்டெருதுச் சாணம், புதுசு, ஈரம் காயாதது. பின்கட்டில் மாமா நட்ட பலா கூரையைவிட உயரமாகி நின்றது. அதன் அடிமரத்தில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பட்டை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எருதுகள் உடம்பைத் தேய்த்த இடம் என்றார் காவலர். தினமும் சாயங்காலம் ஏழெட்டு வந்து வீதியிலேயே படுத்துக்கொள்ளுமாம். மாமா அந்தத் தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அத்தை இந்தப் படியில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வாராம். ஸ்கூல், ஆஸ்பத்திரி, பால் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்த ஊர், பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் என்று காவலரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மலைக்காக வழக்குப் போட்டவர்கள் பக்கம் இருந்துகொண்டே இதையும் சொல்கிறேன்: இங்கே வாழ்ந்தவர்கள் யாரும் காட்டுக்கு விரோதிகளாக வந்தவர்கள் இல்லை.

இந்தச் சுரங்கம் வந்த கதையை மாமா வாயிலாகவே கேட்டேன். குதிரேமுக் இரும்புத்தாது நிறுவனம் 1976இல் தொடங்கியது. ஈரான் மன்னர் ஷாவின் அரசு பணம் கொடுத்துத் தாதுவை வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். 1979இல் அங்கே புரட்சி வந்தது, ஷா போனார், வாங்க ஆள் இல்லை. ஆனால் அதற்குள் மலையில் ரோடும் ஆலையும் வந்துவிட்டன. முதலீடு போட்டாயிற்று என்பதால் வெட்டத் தொடங்கினார்கள். பிறகு மங்களூரில் தாதுவை உருண்டையாக்கும் ஆலை வந்தது. மலையிலேயே கல்லை அரைத்து, தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, 67 கிலோமீட்டர் குழாயில் கடற்கரைக்கு அனுப்பினார்கள்.

டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்து ஒரு வளைவில் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். தூரத்தில் மலையின் ஒரு பக்கம் படிப்படியாக வெட்டியது தெரிந்தது. சுற்றிலும் மலைகள் உருண்டையாக இருக்க, அது மட்டும் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி நேர் கோடுகளாக இருந்தது. பத்தொன்பது மழைக்காலம் போயும் அந்தக் கோடுகள் அழியவில்லை. படிகளின் மேல் பச்சை படிந்திருக்கிறது, சரிவுகளில் சிவப்பு தெரிகிறது.

அந்தப் பச்சையைக் காட்டி மாமாவின் முகம் மலர்ந்தது. "நாங்க நட்ட மரம். வருசா வருசம் மழைக்கு முன்னாடி கன்னு நடுவோம். எங்கையில எத்தனையோ நட்டிருக்கேன்."

அவை அகேசியா. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மாமா, இங்க ஆதியில மரமே இல்லீங்க, புல்லு. அந்தப் புல்லுதான் இந்த மலையோட காடு. கடமானும் எருதும் மேயறது அதுல. அகேசியா வந்தா அடியில புல்லு வராது."

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்: "அப்ப என்னத்த நட்டிருக்கோணும்?" எதையும் நடாமல் விட்டிருந்தால்கூட மேல்மண் இருந்திருந்தால் புல் தானாக வந்திருக்கும், அந்த மேல்மண்ணைத்தான் முதலில் வழித்துவிட்டோமே என்றேன். வழித்தோமே என்று நானும் சேர்த்துத்தான் சொன்னேன். நான் வளர்ந்த வீட்டுக்கு அவர் அனுப்பிய பணத்தில் பாதி அந்த மண்ணிலிருந்து வந்தது.

லக்யா அணை ரோட்டிலிருந்து நீளமான கரையாகத் தெரிகிறது. 100 மீட்டர் உயரம். இது பாசனத்துக்குக் கட்டியது இல்லை. இங்கே வெட்டிய மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் தாதுவில் இரும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதிக் கல்லும் பொடியாகிச் சேறாகி எங்கேயாவது போக வேண்டும். அந்தச் சேற்றை நிறுத்த ஒரு பள்ளத்தாக்கையே அணை போட்டு அடைத்தார்கள். மலைமேல் பள்ளத்தாக்கில்தான் சோலை இருக்கும், ஓடை இருக்கும். அந்த ஓடையின் பெயர்தான் இன்று அணைக்கு இருக்கிறது.

மழை இங்கே ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். எங்கள் சேலத்தில் ஆறு வருஷத்தில் பெய்வது இங்கே ஒரே வருஷத்தில் பெய்கிறது. அப்படிப்பட்ட மழையில் தோலுரித்த சரிவு என்ன ஆகும்? பத்ரா ஆற்றில் ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகத் தண்ணீர் எடுத்து மண்ணை எடை போட்டார்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சுரங்கப் பகுதியிலிருந்துதான் ஆற்று வண்டலில் பாதிக்கு மேல் வந்தது. அந்த ஆறு பத்ரா புலிகள் காப்பகத்துப் பக்கம் போய் லக்கவள்ளி அணையில் நிற்கிறது. அங்கிருந்து சிவமொக்கா, தாவணகெரே வயல்களுக்குப் போகிறது.

மத்தியானம் டீக்கடையில் கோளி பஜே என்ற மைதா போண்டா. ஒரு தட்டு 40 ரூபாய். மாமா சாப்பிடவில்லை, டீ மட்டும் குடித்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு. முள்ளோடியிலிருந்து சிகரம்

மாமாவுக்கு மலையேற்றம் முடியாது. வீட்டு அம்மா, "அவரை நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க" என்று எனக்குத் தேங்காய் எண்ணெயும் உப்புப் பொட்டலமும் கொடுத்தார். ரத்தம் உறிஞ்சும் அட்டைப் பூச்சிக்கு. இணையத்தில் முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் விடுகிறார்கள், ஒரு நாளைக்கு 300 பேர். என் சீட்டில் பெயருக்கும் அடையாள அட்டைக்கும் ஓர் எழுத்து வேறுபாடு. சாவடியில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஆறு பேர் ஜீப்பில் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு என்னை யாரென்றே தெரியாது, பங்கு 300 ரூபாய் குறையும் என்பதற்காக அவ்வளவு நேரம் யாரும் நிற்க மாட்டார்கள். அதில் ஒரு பெண் ஓசூர்க்காரர். அன்றைக்கு முழுக்க எனக்கும் வழிகாட்டிக்கும் நடுவே மொழிபெயர்த்தது அவர்தான்.

போக வர இருபது கிலோமீட்டருக்கு மேல். முதல் மூன்று ஓடையிலேயே இரண்டு காலிலும் அட்டை. மொத்தம் பதினேழு எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

ஒண்டிமரம் என்ற தனி மரம் தாண்டியதும் மலை திறக்கிறது. மலை முழுக்கப் புல்தான். இரண்டு மலை சேரும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாகச் சோலை, கத்தரித்து வைத்த மாதிரி விளிம்போடு. சோலைக்குள்ளிருந்து சீகாரப் பூங்குருவி, நினைவுக்கு வராத பாட்டை யாரோ சீட்டியடித்துப் பார்ப்பது மாதிரிக் கூவிக்கொண்டே இருந்தது.

வழிகாட்டி இருபத்தைந்து வயது இருப்பார். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் மலெகுடியா பழங்குடிக் குடும்பம். ஓர் இடத்தில் மண்டியிட்டு, புல் தூருக்கு அடியில் கையை மணிக்கட்டு வரை நுழைத்தார். என்னையும் நுழைக்கச் சொன்னார். மேலே காற்றில் புல் உலர்ந்து சரசரத்தது. உள்ளே பனிக்கட்டித் தண்ணீர். வேரும் மட்கிய புல்லும் பின்னிக்கொண்டு, ஊறவைத்த கோணிச் சாக்குக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. விரலை அழுத்தினால் தண்ணீர் கசிந்து மணிக்கட்டில் ஏறியது. மழை நின்று நாலு நாள் ஆனாலும் ஓடை ஏன் ஓடுகிறது என்று நான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்ததற்கு அவர் காட்டிய பதில் அது. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் இந்த மலைத்தொடரில் கங்காமூலாவில்தான் பிறக்கின்றன. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அவற்றில் ஓடுவது இப்படி விரலிடுக்கில் கசிகிற தண்ணீர்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நேற்றுப் பார்த்த படிக்கட்டு ஞாபகம் வந்தது. அங்கே கையை எதில் நுழைப்பது?

இந்தப் புல்லும் சோலையும் இந்த உயரத்தில்தான் உண்டு. கீழே இறங்கினால் வேறு காடு, இன்னும் இறங்கினால் பாக்குத் தோப்பு. சமவெளி விலங்கை ஓர் இடத்திலிருந்து விரட்டினால் பக்கத்துக் காட்டுக்குப் போகும். மலையுச்சியில் இருப்பதை விரட்டினால் அதற்கு மேலே வானம்தான் இருக்கிறது. இதோடு சுரங்கம் என்றால் வெட்டுகிற குழி மட்டும் இல்லை. ராத்திரியெல்லாம் எரியும் விளக்கு, வெடிச் சத்தம், குழாய் போகும் வழி, லாரி ரோடு, ஊர், ஊருக்கு விறகு. குழியை வரைபடத்தில் வட்டம் போட்டு இவ்வளவு ஹெக்டேர்தானே என்று கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் கணக்கில் வருவதில்லை.

எதிர்ச் சரிவில் காட்டெருதுகள். பதினொன்று. நடுவில் செம்பழுப்பாக ஒரு கன்று. காற்று மாறியதும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின, கணுக்கால் வெள்ளைகள் வரிசையாகத் தெரிந்தன, சோலைக்குள் இறங்கிவிட்டன. பெங்களூர்ப் பையன்கள் போனை எடுக்கக்கூட இல்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வழிகாட்டியிடம் பூங்காவைப் பற்றிக் கேட்டேன். இங்கிருந்து வெளியேறச் சம்மதிப்பவர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. சொந்தக்காரர்கள் சிலர் போய்விட்டார்கள். இவருடைய அப்பா மாட்டேன் என்கிறார். "மலையையே வெட்டினப்ப அனுமதி இருந்துச்சு. எங்க பாட்டி தேன் எடுக்கப் போனா வழக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தன் டப்பாவிலிருந்து கடுபு எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். சுரங்கத்தை எதிர்க்கிற நாம் இவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். புலியும் சோலைமந்தியும் தப்பியிருப்பதில் இவர்களுடைய பங்கும் இருக்கிறது.

சிகரத்தில் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஒன்றரை மணிக்கு மழை. இறங்கும்போது இரண்டு முறை விழுந்தேன், இடது முட்டி சிராய்ந்தது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் மாமா வாசலில் உட்கார்ந்து வீட்டு அம்மாவுக்குப் பாக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி சாப்பாட்டில் பக்கத்துக் காபித் தோட்டத்துப் பெரியவர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். வழக்கு நடந்த காலத்தை அவர் நன்றாக நினைவு வைத்திருந்தார். 1980களில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இங்கே சோலைமந்திகளைப் பற்றி ஆய்வு செய்தார், 1987இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. சுரங்கக் குத்தகை 1999இல் முடிந்தும் தற்காலிக அனுமதிகளோடு வேலை தொடர்ந்தது. கங்கடிகல், நெல்லிபீடு என்று இன்னும் தொடாத மலைகளையும் சுரங்க நிறுவனத்தார் கேட்டார்கள். நாகரஹொளேயில் வன அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எம். சின்னப்பா நீதிமன்றம் போனார். 2002 அக்டோபர் 30 அன்று தீர்ப்பு: 2005 முடிவோடு சுரங்கம் நிற்க வேண்டும். நின்றது. 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது குதிரேமுக்கும் அதில் இடம்பெற்றது. சின்னப்பா 2024 பிப்ரவரியில் காலமானார்.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த மனுசன அப்ப நாங்க திட்டாத திட்டு இல்ல" என்றார். தமிழில்தான் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. பெரியவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், மாமா தட்டில் இன்னொரு கரண்டி சாறு ஊற்றினார்.

அப்புறம் பேச்சு தேவதாரிக்குப் போனது. பெல்லாரி மாவட்டம் சண்டூர் மலையில் அதே நிறுவனத்துக்குப் புதுச் சுரங்கம். சுமார் 400 ஹெக்டேர் காடு, 99,000க்கு மேல் மரங்கள். 2024 ஜூனில் மத்திய எஃகுத் துறை அமைச்சர் பொறுப்பேற்றதும் ஒப்புதல் கொடுத்தார். குதிரேமுக்கில் விட்டுப்போன பழைய கடமைகளை முதலில் தீர்க்கட்டும், அதுவரை காட்டை ஒப்படைக்க வேண்டாம் என்று மாநில வனத்துறை அமைச்சர் அப்போது நிறுத்தி வைத்திருந்தார். சண்டூர் காட்டில் கரடி உண்டு, சிறுத்தை உண்டு. வறண்ட பெல்லாரியில் மிச்சமிருக்கும் பச்சை அது. ஒரு மலையில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்த பிறகும் அடுத்த மலையைக் கேட்க எப்படி மனசு வருகிறது என்று அந்தப் பெரியவர் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

அக்டோபர் 21, திங்கள். கலசா, அம்பாதீர்த்தம், திரும்பும் வழி

கலசாவில் கலசேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, பத்ரா ஓரமாக அம்பாதீர்த்தம் போனோம். மத்வாச்சாரியார் ஒற்றைக் கையால் தூக்கி வைத்ததாகச் சொல்லும் பெரிய பாறை அங்கே இருக்கிறது, மேலே கல்வெட்டு. தண்ணீர் வேகம் அதிகம், இறங்க வேண்டாம் என்று துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டுச் சொன்னார்கள். ஓரத்து மணலில் உட்கார்ந்தோம்.

மாமாவின் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு வட்டக் காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, சின்ன வயசில் குண்டூசி பொறுக்க நான் அதை வாங்கி விளையாடியிருக்கிறேன். அதை எடுத்து ஈர மணலில் ஒரு முழ நீளத்துக்கு இழுத்தார். தூக்கினால் காந்தத்தின் விளிம்பு முழுக்கக் கறுப்பாக மயிர் சிலிர்த்து நின்றது, கம்பளிப்பூச்சி மாதிரி. ஒவ்வொரு துகளும் நிமிர்ந்து மினுங்கியது. மேக்னடைட். மலை கரைந்து ஆற்றில் வருவது ஆதியிலிருந்தே உண்டு. சுரங்கம் வராவிட்டாலும் இந்த மணலில் கொஞ்சம் கறுப்பு இருக்கத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். மாமா தலையாட்டினார். கட்டைவிரலால் அந்தத் துகளை வழித்து, உள்ளங்கையில் வைத்து, தண்ணீரில் விட்டார். மறுபடி இழுத்தார். மறுபடி விட்டார். அப்படி ஐந்தாறு தடவை. சட்டைப்பையில் சாவிக்கொத்தைப் போட்டபோது விரலிடுக்கில் கறுப்பு அப்படியே இருந்தது.

மத்தியானம் ஹொரநாடு அன்னபூர்ணேஸ்வரி கோயிலில் சாப்பாடு. வருகிற எல்லோருக்கும் இலவசம், வரிசையாகத் தரையில் உட்கார வைத்துப் பரிமாறுகிறார்கள். சோறு, சாறு, பாயசம். பரிமாறிய பையன் மாமாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டான்.

இரண்டரை மணிப் பஸ். மாமா ஜன்னலோர இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். டவுன்ஷிப் கடந்தபோது திரும்பிப் பார்த்தார். படிக்கட்டு மலை மழையில் மறைந்திருந்தது. எஸ்.கே. பார்டர் தாண்டிக் காடு இறங்கத் தொடங்கியதும் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டு, கழுத்தை வளைத்து மேலே பார்க்க ஆரம்பித்தார். சாரல் முகத்தில் அடித்தது. பின்னாலிருந்தவர் மூடச் சொன்னார், நான் போய் இரண்டு வார்த்தை சொன்னேன், அவர் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரு வளைவில் ரோட்டுக்கு மேலே கிளைகள் சேரும் இடத்தில் இலைக்கொத்து ஒன்று பெரிதாக ஆடி, தண்ணீர் சொட்டியது. காற்று இல்லை. "அங்க பாரு" என்றார். நான் குனிந்து எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

"என்னங்க மாமா அது?"

"தெரியல சாமி. கறுப்பா இருந்துச்சு."

பஜகோளி வரும்வரை அவர் தலையைக் கீழே இறக்கவில்லை. பாக்குத் தோப்புகள் வந்த பிறகுதான் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, கண்ணாடியை இழுத்து மூடினார்.